வரப்பின் மேல் ஒரு கம்ப்யூட்டர்

தனம் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் கிளியனூரில் இருக்கும் அவளுடைய அண்ணன். போன வெள்ளிக்கிழமை காலையில் டீ போட அடுப்பைப் பற்றவைத்திருந்தேன், போன் அடித்தது. "ஏம்மா விமலா, நான் அப்பவே சொன்னேன், நெஞ்ச ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டுன்னு. கேட்டாளா? போயிட்டாம்மா" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூடப் பிறந்தவளின் சாவைக்கூட இந்த மனிதர் 'அப்பவே சொன்னேன்' போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா? தனம் பக்கத்தில் இருந்திருந்தால், "பாத்தியா, செத்தும் விடல" என்று என் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்திருப்பாள். அவள் இல்லாததால் நான் மட்டும் சிரித்தேன். அதற்குள் டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

மரக்காணத்தில் அவளிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும், படிக்கிறேன் என்று வந்து ஃபேன் காற்றில் தூங்கியவர்களுக்கும் இந்த 'அப்பவே சொன்னேன்' நன்றாகத் தெரியும். சுனாமிக்கு முந்தின வருஷம் அவள் பாண்டிச்சேரியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு கம்ப்யூட்டர்களோடு இங்கே வந்து இறங்கினாள். உப்பு விளையும் ஊரில் போய்க் கம்ப்யூட்டர் சென்டரா, ஆறு மாசத்தில் திரும்பி வருவாய் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். தோற்றுப்போவதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. தோற்றுப்போய் அந்த வீட்டு வாசலில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வேண்டுமே என்றுதான் பயம். "அத கேக்குறதுக்கு உப்பளத்துல மண்ணு மிதிக்கலாம் விமலா" என்பாள்.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். உப்பள முதலாளி கோதண்டத்தின் குடோனை ஒட்டிய நீளமான அறை அது. அதில் பாதியைத் தனத்துக்கு விட்டேன். விட்டேனே தவிர, அவளுடைய பெட்டிகள் மேல் எனக்கு மரியாதை இல்லை. என் மிஷினில் ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு கம்பி எழுந்து போய்க் காகிதத்தை அடிக்கும். நடப்பது கண்ணுக்குத் தெரியும். கம்பி சிக்கினால் விரலால் எடுத்து விடலாம். அவள் பெட்டியிலோ இங்கே தட்டினால் அங்கே தெரிகிறது, நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால் "கரண்டு போவுது" என்கிறாள். கரண்டு மிக்சியிலும்தான் போகிறது என்று நான் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை அவள் என்னோடு பேசவில்லை.

அந்த அறையில் கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பதே பெரிய பாடு. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் கூரை முட்ட உப்பு மூட்டை, இந்தப்புறம் கடல் காற்று. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் கை நனையும். தனம் பெட்டிகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பாள், ஈரம் அண்டாமல் இருக்க. கோழிக்குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறாயா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டியைக் கழற்றி, பெயிண்ட் அடிக்கும் பிரஷ்ஷால் குழந்தைக்குப் பவுடர் போடுவது போல உள்ளே துடைப்பாள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் திட்டு விழும்.

ஒரு நாள் எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். தாய்மாமன் பெயர், அவர் மகன்கள் பெயர், ஊர்ப் பெரியவர்கள் பெயர் என்று ஒரு மணி நேரம் சொல்லச் சொல்ல தனம் அடித்தாள். கடைசிப் பெயரில் கரண்டு போயிற்று. வந்தபோது ஒன்றுமில்லை. பெரியவருக்குத் தாங்கவில்லை. எல்லாம் உள்ளேதானே போயிற்று, திறந்து எடு என்றார். அப்போதுதான் தனம் முதல்முறையாக உப்பளத்தை உதாரணமாகக் கையில் எடுத்தாள். கம்ப்யூட்டருக்குள் இரண்டு இடம் இருக்கிறது, வேலை நடக்கிற இடம் ஒன்று, வைத்துக்கொள்கிற இடம் ஒன்று. நாம் அடிக்க அடிக்க எழுத்தெல்லாம் முதலில் வேலை நடக்கிற இடத்தில்தான் நிற்கும். அங்கே வேகம் அதிகம், ஆனால் கரண்டு இருக்கும் வரைதான் வாழ்வு. "பாத்தியில உப்பு பூத்திருக்குது, மழ வந்துச்சு. என்னாகும்? கரைஞ்சிடும் இல்ல? அதான் இது. வாரி குடோன்ல ஏத்தியிருந்தா இருந்திருக்கும். ஏத்தாதது என் தப்பு" என்றாள். பெரியவர், "அப்ப மறுபடி மொதல்லேருந்து சொல்றேன், வரிக்கு ஒருவாட்டி ஏத்திக்கிட்டே வா" என்று உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் சென்டரில் யாரும் 'சேவ்' என்று சொன்னதில்லை. "குடோன்ல ஏத்திட்டியா?" என்றுதான் கேட்போம்.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஆரம்பித்தது வினை. கோதண்டம் மொதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனைப் பார்க்க வந்தவர், எங்கள் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். தனம் பெட்டியைத் திறந்து போட்டுப் பிரஷ்ஷும் கையுமாக இருந்தாள். அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு பச்சைப் பலகை, இரண்டு மூன்று ஒயர், ஒரு சின்னக் காற்றாடி. பாக்கியெல்லாம் வெற்றிடம். அவர் முகத்தில் வந்ததே ஒரு பரிதாபம், அதை நான் இன்னும் மறக்கவில்லை. "ஏம்மா, உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க. பாதிக்கு மேல காலியா இருக்குது" என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் போய் ஊருக்கே சொன்னார். பெட்டிக்குள் ஒன்றுமில்லை, காற்றாடி மட்டும் சுற்றுகிறது, இதற்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறீர்களே என்றார். மொதலாளி கண்ணால் பார்த்ததாகச் சொன்னால் எங்கள் ஊரில் அது நடந்தது மாதிரிதான். இரண்டு வாரத்தில் தனத்தின் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. என்னிடம் டைப் படித்த பெண்கள்கூட அவளை அனுதாபத்தோடு பார்த்தார்கள். பிறகு மொதலாளியே வந்து, உப்பு வாரத் தொடங்கினால் மூட்டை வைக்க இடம் போதாது, உன் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்துவிடம்மா என்று பக்குவமாகச் சொன்னார். தனத்தின் முகம் சிறுத்துப் போயிற்று. கிளியனூர் வாசலும் அண்ணனும் அவள் கண் முன்னால் வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் விடவில்லை. அவரை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பச்சைப் பலகையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுவிட்சுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டே நிலை. கரண்டு உண்டு, கரண்டு இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டை வைத்துத்தான் கணக்கு, எழுத்து, படம், பாட்டு எல்லாமே. மொதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "எங்க மேஸ்திரிக்கு நூறு வரைக்கும் தெரியும், அவனே கணக்க தப்பா போடுறான். ரெண்டே ரெண்டு தெரிஞ்சது எப்படிம்மா கணக்கு போடும்?" நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம்தான். தனம் எழுந்து நின்றாள். "நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திக்கு வாங்க மொதலாளி. காட்டுறேன். புரியலன்னா நானே காலி பண்ணிடுறேன்" என்றாள்.

அவர் போன பிறகு, என்னத்தைக் காட்டப்போகிறாய் என்று கேட்டேன். இன்னும் தெரியவில்லை என்றாள். தனம் எப்போதும் அப்படித்தான், வாய் முதலில் போகும், மூளை மூச்சிரைக்கப் பின்னால் வரும்.

மறுநாள் பாத்திகளில் சேறு வழித்து மண் மிதிக்கிற வேலை நடந்தது. சோற்று நேரத்தில் வேலைக்காரப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். தனம் அவர்களில் எட்டுப் பேரைப் பிடித்து, பஸ்ஸில் உட்கார்வது போல ஒருவர் பின்னால் ஒருவராக வரப்பின் மேல் உட்காரவைத்தாள். வாய்க்கும் கைக்கும் பேர்போன காமாட்சி கடைசியில். எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை. அஞ்சலைக்கு அப்போதே முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பத்துச் சாமியைக் கூப்பிடுவாள். "நீ முன்னாடி உக்காரு அஞ்சல, உனக்கு வேலையே வராது" என்று தனம் வாக்குக் கொடுத்தாள்.

ஒரே ஒரு விதிதான். முதுகில் தட்டினால், உட்கார்ந்திருப்பவள் எழுந்து நிற்க வேண்டும். ஏற்கனவே நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொண்டு, தனக்கு முன்னால் இருப்பவள் முதுகில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இதற்கு எண்ணத் தெரிய வேண்டாம், எழுதத் தெரிய வேண்டாம். காமாட்சி முதுகில் தட்டுவது என் வேலை. முதல் தட்டுக்குக் காமாட்சி எழுந்தாள். இரண்டாவது தட்டுக்கு உட்கார்ந்துகொண்டு முன்னால் இருந்தவளை ஓங்கி ஒன்று வைத்தாள், அவள் பதறி எழுந்தாள். மூன்றாவது தட்டுக்குக் காமாட்சி மறுபடி எழுந்தாள். தனம் சொன்னாள், காமாட்சி நின்றால் ஒன்று, அடுத்தவள் நின்றால் இரண்டு, அதற்கடுத்தவள் நான்கு, அப்புறம் எட்டு, இப்படி இரட்டித்துக்கொண்டே போய் அஞ்சலை நின்றால் நூற்று இருபத்தெட்டு. நிற்கிறவர்களை மட்டும் கூட்டிப் பார் என்றாள். கூட்டிப் பார்த்தேன். மூன்று தட்டு, மூன்று. எனக்குப் புல்லரித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஏழு வரை ஒழுங்காகப் போயிற்று. எட்டாவது தட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் எழவில்லை. ஏழோடு ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் சொல்லிற்று. விசாரித்தால், மூன்றாவது இடத்திலும் நான்காவது இடத்திலும் இருந்தவர்கள் ஓரகத்திகள். ஓர் அம்மிக்கல் விஷயமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தட்டினால் தானே வலியப் போய்ப் பேசியதாகிவிடும் என்று மூன்றாமவள் கையைக் கட்டிக்கொண்டாள். தனம் தலையில் கை வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல கூட ஒரு இடத்துல பழுதாச்சுன்னா இப்படித்தான், மேல தகவல் போவாது" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். ஓரகத்திகளுக்கு நடுவே வேறொருத்தியை மாற்றி உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். எண்ணிக்கை ஐந்தில் இருந்தபோது மொபெட் சத்தம் கேட்டது. மொதலாளி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மொதலாளி தலை தெரிந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கால் தானாக எழும். அத்தனை பேரும் படபடவென்று எழுந்தார்கள். கம்ப்யூட்டர் மொத்தமும் எழுந்து நின்றது. அஞ்சலை மட்டும் முட்டி வலியால் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டாள். தனம் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கெஞ்சினாள். ஒருத்தியும் அசையவில்லை. பக்கத்துப் பாத்தியிலிருந்து மேஸ்திரி முறைத்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இதான் கணக்கா?" என்று மொதலாளி சிரித்தார். போச்சு, இன்று சாயங்காலமே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

தனம் வரிசையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது. எனக்கு அந்த முகம்தான் இப்போது நினைவில் நிற்கிறது.

"இப்ப இங்க நிக்கிறது நூத்தி இருவத்தேழு மொதலாளி. நீங்க வந்ததுல ஆயிடுச்சு. இதோட ஒண்ணு கூட்டணும்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் விளையாட்டாக "ஒண்ணு" என்றார்.

நான் காமாட்சி முதுகில் தட்டினேன். காமாட்சி உட்காரவில்லை. மொதலாளியைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள், தனத்தைப் பார்த்தாள். அவர் நிற்கும்போது அவர் எதிரில் உட்கார வேண்டும். "தட்டினா உக்காரணும் காமாட்சி. எதுர யாரு நின்னாலும்" என்றாள் தனம். குரல் உயரவில்லை. காமாட்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் முன்னால் நின்றவளை ஒரு அறை விட்டாள். அவள் உட்கார்ந்து அடுத்தவளைத் தட்டினாள். அவள் அடுத்தவளை. தட்டு வரப்பு வழியாக ஓடிற்று. ஓரகத்திகளையும் தாண்டிப் போயிற்று. கடைசியில் அஞ்சலை முதுகில் விழுந்தது. அஞ்சலை முருகனில் ஆரம்பித்து எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டு, தரையில் கையை ஊன்றி எழுந்தாள். வரிசை முழுவதும் உட்கார்ந்திருக்க அவள் ஒருத்தி மட்டும் நின்றாள்.

"நூத்தி இருவத்தெட்டு" என்றாள் தனம்.

தன் எதிரில் தன் ஆட்கள் உட்கார்ந்திருப்பதை மொதலாளி முதல் தடவையாகப் பார்க்கிறார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மறுபடி "ஒண்ணு" என்றார். காமாட்சி எழுந்தாள். "ஒண்ணு." உட்கார்ந்தாள், அடுத்தவள் எழுந்தாள். அவருக்குப் பிடித்துப் போயிற்று. சின்னப் பிள்ளை போல ஒண்ணு ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே போனார். என் உள்ளங்கை சிவந்துவிட்டது. நடுவில் அஞ்சலை, "மொதலாளி, நான் எப்ப உக்கார்றது?" என்று பரிதாபமாகக் கேட்டாள். இன்னும் நூறு தட்டுக்கு மேல் ஆகும் என்றாள் தனம். அதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சலை புலம்பினாள். மொதலாளிக்கு மனசு கேட்கவில்லை, நீ உட்கார்ந்துகொள் என்றார். தனம் குறுக்கே கையை நீட்டினாள். "உக்கார வெச்சிடாதீங்க மொதலாளி. அவ உக்காந்தா நூத்தி இருவத்தெட்டு காணாம பூடும்."

அவர் அஞ்சலையை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தன்னிடம் மண் மிதிக்கிறவள் இவ்வளவு பெரிய தொகை என்று அவருக்குத் தெரியாது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொட்டிக்குள்ள எத்தினி அஞ்சல நிக்கிறா?"

"கோடிக்கணக்குல மொதலாளி."

"ஒண்ணு ஒண்ணுன்னு யாரு சொல்றது?"

உள்ளே ஒரு சின்னக் கல் இருக்கிறது, கரண்டு பட்டதும் அது துடித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லோரும் ஓர் அடி வேலை செய்வார்கள், கண் இமைப்பதற்குள் கோடித் தடவை என்று தனம் சொன்னாள். அந்தக் கல்லுக்குக் கணக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, இங்கே யாருக்குமே தெரியாது, ஆனால் கணக்கு மட்டும் நடந்துவிடும் என்றாள். அவர் தலையாட்டினார். அப்போது அஞ்சலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தாள். தனம் சட்டென்று கையைத் தட்டி, "கரண்டு போச்சு!" என்றாள். எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். அஞ்சலை உட்கார்ந்த சத்தம் மேஸ்திரி வரைக்கும் கேட்டிருக்கும். அடடா, குடோனில் ஏற்றாமல் விட்டோமே என்று நான் சொன்னேன். தனம் சிரித்த சிரிப்பில் பாத்தியில் விழப் பார்த்தாள்.

அறையைக் காலி செய்யும் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. மொதலாளி டீக்கடையில் கதையை மாற்றிக்கொண்டார். தான் 'ஒண்ணு' சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் ஓடியே இருக்காது என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிகள் நிறைந்தன. பொங்கல் கழித்து அண்ணன் கிளியனூரிலிருந்து பார்க்க வந்தார். உட்கார இடமில்லாமல் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், இது ஓடும்னு" என்றார். தனம் என் மிஷின் பக்கம் ஓடி வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் போயிருந்த அண்ணன் வீட்டிலிருந்தே அவளை எடுத்தார்கள். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தூக்கும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னால் முடியவில்லை. எழுந்தால் போய்விடுவாள், உட்கார்ந்தே இருந்தால் தூக்க மாட்டார்கள் என்று ஏதோ ஒரு பைத்தியக்கார எண்ணம். மனசு விட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இன்னொருத்தியும் எழாமல் உட்கார்ந்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. முதுகில் ஒரு தட்டு விழுந்தது. திரும்பினால் அஞ்சலை. முடியெல்லாம் வெளுத்து, கையில் கோலோடு உட்கார்ந்திருந்தாள்.

"தட்டிட்டேன் இல்ல டீச்சர். எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். தெரு முனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். பிறகுதான் அழுதேன், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அண்ணன் என்னிடம் வந்து, சென்டரை மூடிவிடலாமா, சாவி எங்கே என்று கேட்டார். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சாவியும் அந்த ஒரு விதியும்தான். நின்றுகொண்டிருந்தவள் உட்காருவதானால் அடுத்தவள் முதுகில் தட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தட்டு வாங்கியவள் எழுந்திருக்க வேண்டும், எண்ணத் தெரியாவிட்டாலும். டைப்ரைட்டரைத் தவிர எதுவும் தெரியாத நான் திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினேன், குண்டு பல்பைப் போட்டேன். இன்னும் கொஞ்ச நாளில் அண்ணன் வந்து வாசலில் நிற்பார். விமலா நடத்துவாள் என்று நான் அப்பவே சொன்னேன் என்பார். சொல்லட்டும். ஓடி வந்து என் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொள்ளத்தான் அவள் இருக்க மாட்டாள்.